மேஜைக்கு அடியில் ஒரு கேமரா

டிவியில் போக்கர் போட்டி பார்க்கிறவர்களுக்கு ஒரு சந்தேகம் வந்தே தீரும். இவர்களுக்கு மட்டும் எப்படி எப்போது பார்த்தாலும் ஜோடி ஏஸ், ஜோடி ராஜா என்று வந்துகொண்டே இருக்கிறது? கணக்குப்படி 221 தடவை சீட்டு வாங்கினால் சராசரியாக ஒரு தடவைதான் ஜோடி ஏஸ் வரும். காஸினோ மேஜையில் மணிக்கு முப்பது ஆட்டம் ஓடினாலே அதிகம். அதாவது ஏழு மணி நேரம் இடுப்பு வலிக்க உட்கார்ந்தால் ஒருமுறை. அந்த ஒருமுறையும் மற்றவர்கள் எல்லாரும் சீட்டைக் கவிழ்த்துவிட்டுப் போய்விடலாம். டிவியிலோ விளம்பர இடைவேளைக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று.

கிரிக்கெட் ஹைலைட்ஸ் மட்டுமே பார்த்து வளர்ந்த குழந்தை ஒன்று இருந்தால், ஓவருக்கு நாலு சிக்ஸர், ரெண்டு விக்கெட் என்பதுதான் ஆட்டம் என்று நம்பும். நல்லவேளையாக கிரிக்கெட்டில் முழு மேட்சும் காட்டுகிறார்கள். போக்கருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. டிவியில் அது பிரபலமான காலம் முழுக்க ஹைலைட்ஸ் மட்டும்தான்.

விளையாட்டு தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம் (தெரிந்தவர்கள் அடுத்த பத்திக்குத் தாவலாம்). டிவியில் வருவது பெரும்பாலும் டெக்ஸஸ் ஹோல்டெம். ஆளுக்கு ரெண்டு சீட்டு ரகசியமாக. நடுவில் எல்லாருக்கும் பொதுவாக முதலில் மூன்று, பிறகு ஒன்று, கடைசியாக ஒன்று என ஐந்து சீட்டு திறப்பார்கள். இவற்றுக்கு ஃப்ளாப், டர்ன், ரிவர் என்று பெயர். ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் கட்டலாம், ஏற்றலாம், பிடிக்காவிட்டால் ரம்மியில் ஸ்கூட் விடுகிற மாதிரி விலகலாம். ஏழில் நல்ல ஐந்தைச் சேர்த்து யாருடையது பெரியதோ அவருக்குப் பணம். எல்லாரும் விலகிவிட்டால் மிஞ்சியவர் சீட்டைக் காட்டாமலே பணத்தை அள்ளிக்கொள்ளலாம். பொய் சொல்ல இடம் கிடைப்பது இங்கேதான். ஆக, இந்த ஆட்டத்தின் உயிர் அந்த ரெண்டு ரகசியச் சீட்டில் இருக்கிறது.

டிவிக்காரர்களுக்குத் தொல்லையும் அதுதான். 1988ஆம் வருட வேர்ல்ட் சீரிஸ் ஆஃப் போக்கர் இறுதி ஆட்டத்தை இன்றைக்கும் பார்க்கலாம். ஜானி சானுக்கு எதிரே எரிக் சைடல் என்ற இளைஞர். சானுக்கு ஃப்ளாப்பிலேயே ஐந்து சீட்டு வரிசையாக அமைந்துவிட்டது. அவர் ஒன்றும் இல்லாதவர் போல உட்கார்ந்திருந்து, கடைசியில் சைடலை மொத்தத்தையும் உள்ளே தள்ள வைத்தார். அற்புதமான பொறி. ஆனால் சீட்டைத் திருப்பிப் போடும்வரை பார்க்கிறவனுக்கு அது பொறி என்றே தெரியாது. வர்ணனையாளருக்கும் தெரியாது, பாவம். ரெண்டு பேர் மௌனமாக உட்கார்ந்து பிளாஸ்டிக் வில்லைகளை நகர்த்துவதை எத்தனை நேரம்தான் வர்ணிப்பது? (1998இல் வந்த ‘ரவுண்டர்ஸ்’ படத்தில் இந்தக் காட்சியை அப்படியே பயன்படுத்திக்கொண்டார்கள். சைடல் பிற்பாடு உலகின் மிகச் சிறந்த போட்டி ஆட்டக்காரர்களில் ஒருவரானார். ஆனாலும் படம் பார்த்தவர்களுக்கு அவர் என்றென்றைக்கும் அந்தப் பொறியில் விழுந்த பையன்தான்.)

இதற்கு வழி கண்டுபிடித்தவர் ஹென்றி ஓரன்ஸ்டீன். போலந்தில் பிறந்த யூதர். நாஜி முகாம்களில் இருந்தபோது, விஞ்ஞானிகள் தேவை என்று அறிவித்தார்கள். விஞ்ஞானத்துக்கும் அவருக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. ஆனாலும் தானும் சகோதரர்களும் விஞ்ஞானிகள்தான் என்று பெயர் கொடுத்து உயிர் பிழைத்தார். இதைவிடப் பெரிய பிளஃப் எந்த மேஜையிலும் நடந்திருக்காது. அமெரிக்கா வந்து பொம்மை வியாபாரத்தில் கொடிகட்டினார். டிரான்ஸ்ஃபார்மர்ஸ் பொம்மைகள் ஹாஸ்ப்ரோ நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்ததில் இவர் கை உண்டு. டிவியில் போக்கர் பார்த்து அலுத்துப்போய், ஆட்டக்காரர்களின் சீட்டைப் பார்வையாளருக்கு மட்டும் காட்டும் மேஜையை வடிவமைத்து 1995இல் காப்புரிமை வாங்கினார். 1999இல் பிரிட்டனின் சேனல் 4 ‘லேட் நைட் போக்கர்’ நிகழ்ச்சியில் மேஜையில் கண்ணாடி பதித்து அடியில் கேமரா வைத்தது. 2003இல் அமெரிக்காவில் டிராவல் சேனலில் வேர்ல்ட் போக்கர் டூர் வந்தது. அதே வருடம் ஈஎஸ்பிஎன் வேர்ல்ட் சீரிஸை சீட்டோடு காட்டியது. அப்புறம் நடந்தது ஊரறிந்த கதை.

அந்த 2003 போட்டியில் ஜெயித்தவர் கிறிஸ் மணிமேக்கர். (நிஜப் பெயரே அதுதான்!) டென்னஸி மாநிலத்துக் கணக்காளர். 10,000 டாலர் நுழைவுக் கட்டணப் போட்டிக்கு இணையத்தில் 86 டாலர் கட்டி விளையாடித் தகுதி பெற்றவர். பரிசு 25 லட்சம் டாலர். ஐந்து நாள் ஆட்டத்தை ஏழு பகுதிகளாகச் சுருக்கினார்கள். லான் மக்கெக்ரனும் நார்மன் சாடும் ஸ்டுடியோவில் உட்கார்ந்து, முடிவு தெரிந்த பிறகு, பதிவான படத்துக்குக் குரல் கொடுத்தார்கள்.

கடைசியில் இருவர்: மணிமேக்கர், எதிரே சாம் ஃபார்ஹா. லெபனானில் பிறந்த தொழில்முறை ஆட்டக்காரர். பற்றவைக்காத சிகரெட் வாயில். மணிமேக்கர் கையில் இஸ்பேட் ராஜா, ஆர்ட்டின் ஏழு. ஃபார்ஹாவிடம் இஸ்பேட் ராணி, ஆர்ட்டின் ஒன்பது. ஃப்ளாப்பில் இஸ்பேட் ஒன்பது, டைமண்ட் ரெண்டு, இஸ்பேட் ஆறு. டர்னில் இஸ்பேட் எட்டு. ஃபார்ஹாவுக்கு ஒன்பது ஜோடி, நல்ல கை. அவர் மூன்று லட்சம் வைக்க, மணிமேக்கர் எட்டு லட்சமாக ஏற்றினார். ஃபார்ஹா ஈடு கொடுத்தார். ரிவரில் உதவாத ஆர்ட்டின் மூன்று. மணிமேக்கர் கையில் ஒன்றுமே இல்லை. மொத்தத்தையும் உள்ளே தள்ளினார். ஃபார்ஹா ஃப்ளஷ் வராமல் போய்விட்டதோ என்று வாய்விட்டே கேட்டார். சரியாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டு சீட்டைக் கவிழ்த்துவிட்டார்.

நூற்றாண்டு இப்போதுதான் தொடங்கியிருக்கிறது என்றாலும் இதுதான் நூற்றாண்டின் பிளஃப் என்றார் நார்மன் சாட். அந்த வாசகம் நின்றுவிட்டது. ஆட்டம் நிற்கவில்லை. கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். டர்னில் மணிமேக்கர் ஏற்றியபோது அவருக்குக் கை கொடுக்கக்கூடிய சீட்டுகள் எத்தனை? இஸ்பேட் எட்டு பாக்கி. வரிசை சேர மற்ற இனத்தில் மூன்று பத்து, மூன்று ஐந்து. இன்னொரு ராஜா வந்தாலும் ஃபார்ஹாவின் ஒன்பது ஜோடியை ஜெயிக்கும், அதில் மூன்று. ஆக 44 சீட்டில் 17. நூற்றுக்கு ஏறத்தாழ 39. எதிராளி பயந்து விலகினால் உடனே லாபம், விலகாவிட்டாலும் பத்துக்கு நாலு தடவை ஜெயிக்கலாம். மணிமேக்கர் ஆடிய ஆட்டத்தில் கெட்டிக்காரத்தனம் அதிகம் இருந்த இடம் இது. ரிவரில் காட்டியது துணிச்சல்.

ஃபார்ஹா பக்கமும் பேச வேண்டியது நிறைய உண்டு. இஸ்பேட் ராணி தன் கையில் இருந்ததால் எதிராளியிடம் ஃப்ளஷ் இருக்கும் வாய்ப்பு அவருக்குக் கொஞ்சம் குறைவாகத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அவர் ஜெயிக்கக்கூடியது பிளஃபை மட்டும்தான், தோற்றால் அநேகமாகப் போட்டியே முடிந்தது. இந்தத் தராசை விளக்க ரெண்டு நிமிடம் போதும். நல்ல வர்ணனை என்றால் அந்த ரெண்டு நிமிடம்தான். டிவிக்கு ஒரு வாசகம் போதுமாக இருந்தது.

இதே போட்டியில் பத்தாவது இடத்தில் வெளியேறியவர் ஃபில் ஐவி. ஐவியிடம் ஜோடி ஒன்பது, மணிமேக்கரிடம் ஏஸ்-ராணி. ஃப்ளாப்பில் ராணி, ராணி, ஆறு. டர்னில் ஒன்பது. ஐவிக்கு ஃபுல் ஹவுஸ். பணமெல்லாம் உள்ளே. மணிமேக்கருக்கு மிச்சம் 44இல் ஏழு சீட்டு. ரிவரில் ஏஸ் விழுந்தது, ஐவி எழுந்து போனார். அது மட்டும் வராமல் இருந்திருந்தால் மணிமேக்கர் பெயர் இன்று யாருக்கும் தெரிந்திருக்காது. அவர் மோசமாக ஆடினார் என்று இதற்கு அர்த்தமில்லை. ஒரு ஆட்டத்தைப் பார்த்து யாரையும் மேதை என்றோ முட்டாள் என்றோ சொல்ல முடியாது என்பதுதான் விஷயம்.

எத்தனை ஆட்டம் பார்த்தால் சொல்லலாம்? 2017 ஜனவரியில் பிட்ஸ்பர்க் நகரத்துக் காஸினோ ஒன்றில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் லிப்ராடஸ் என்ற நிரலுக்கும் நாலு தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கும் போட்டி வைத்தார்கள். இருபது நாள். ஒரு லட்சத்து இருபதாயிரம் ஆட்டம். அதிலும் அதிர்ஷ்டத்தைக் குறைப்பதற்காக ஒரு ஆட்டக்காரருக்கு வந்த சீட்டே இன்னொரு மேஜையில் எதிர்ப்பக்கத்துக்குப் போகும்படி ஏற்பாடு. இவ்வளவுக்குப் பிறகுதான் நிரலே சிறந்தது என்று தைரியமாகச் சொன்னார்கள். டிவி நிகழ்ச்சியில் பதினைந்து இருபது ஆட்டத்தைக் காட்டிவிட்டு, இவர் மனதைப் படிக்கிறார், அவர் பயந்துவிட்டார் என்று தீர்ப்பு எழுதுகிறார்கள்.

சீட்டைக் காட்டுவதால் வரும் இன்னொரு வினை, வர்ணனையாளருக்கு எல்லாம் தெரிந்துவிடுகிறது. ஜோடி ராஜா வைத்திருப்பவர் ஜோடி ஏஸிடம் மாட்டும்போது ‘அய்யோ, உள்ளே போகாதே’ என்று குரல் பதறும். அந்த ராஜாவை வைத்துக்கொண்டு உள்ளே போகாதவன்தான் தப்பாட்டம் ஆடுகிறான். திரையில் 82க்கு 18 என்று சதவீதம் மின்னும். அந்தக் கணக்கு மேஜையில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கும் தெரியாது. அவருக்குத் தெரிந்த கணக்கு வேறு. எதிராளி என்னென்ன சீட்டோடு இப்படி ஆடுவார், அந்த மொத்தக் கும்பலுக்கு எதிரே தன் கை எப்படி நிற்கும் என்பது. அதைத் திரையில் போட வழியில்லை, அதனால் பேச்சிலும் வரவில்லை.

வர்ணனையாளர்கள் ஆட்டம் தெரியாதவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. வேர்ல்ட் போக்கர் டூரின் மைக் செக்ஸ்டன் 1989லேயே வேர்ல்ட் சீரிஸ் பட்டம் வாங்கியவர். பக்கத்தில் உட்கார்ந்து வியந்த வின்ஸ் வான் பேட்டன் நடிகர், முன்னாள் டென்னிஸ் ஆட்டக்காரர். ஒருவர் விளக்க, ஒருவர் கூவ என்று நல்ல ஜோடி. 2016இல் மாண்ட்ரியலில் செக்ஸ்டன் தாமே அந்தப் போட்டித் தொடரில் ஒரு பட்டத்தை ஜெயித்துக் காட்டினார். 2020இல் காலமானார். நார்மன் சாட் பத்திரிகைப் பத்தி எழுத்தாளர். தன் விவாகரத்துகளை வைத்தே பாதி ஜோக்கை ஓட்டிவிடுவார். முதல் நாலு தடவை சிரிப்பு வரும். ‘ஹை ஸ்டேக்ஸ் போக்கர்’ நிகழ்ச்சியில் கேப் காப்லான் இவர்களைவிட ஒரு படி மேல். நகைச்சுவை நடிகர், அதே சமயம் பெரிய தொகைக்கு ஆடியவர். நடந்த தப்பைத் தப்பு என்று கிண்டலாகச் சொல்லிவிடுவார். (அது போட்டி அல்ல, சொந்தப் பணத்தில் ஆடுவது. அதனால் அவசரம் குறைவு, ஆட்டமும் ஆழம்.)

அவசரம் என்றதும் இறுதி மேஜை ஞாபகம் வருகிறது. போட்டியில் கட்டாயப் பந்தயம் நேரத்துக்கு நேரம் ஏறிக்கொண்டே போகும். இறுதி மேஜைக்கு வரும்போது பலர் கையில் இருக்கும் சிப்புகள் அந்தக் கட்டாயப் பந்தயத்தைப்போலப் பத்துப் பதினைந்து மடங்குதான். அந்த நிலையில் நுணுக்கத்துக்கு இடமில்லை. ஒன்று விலகு, இல்லை மொத்தத்தையும் தள்ளு. அட்டவணையாகவே போட்டுவிடலாம். நாலு நாள் ஆடிய நல்ல ஆட்டத்தை விட்டுவிட்டு, ஆட்டம் சுருங்கிப்போன இந்தக் கடைசி நாளைத்தான் விளக்கு வெளிச்சத்தோடு காட்டுவார்கள். பார்க்கிறவர் கற்றுக்கொள்வது, போக்கர் என்றால் ‘ஆல்-இன்’ என்று எழுந்து நிற்பது.

கஸ் ஹான்சன் என்ற டென்மார்க்காரர் இதற்கு நல்ல உதாரணம். வேர்ல்ட் போக்கர் டூரின் ஆரம்பகாலப் பட்டங்களில் மூன்றை வாங்கியவர். யாரும் தொடத் தயங்கும் சீட்டை வைத்துக்கொண்டு ஏற்றுவார். திரையில் பார்க்க முழுப் பைத்தியம். 2007இல் மெல்போர்னில் ஆஸி மில்லியன்ஸ் போட்டியை ஜெயித்தார். அந்தப் போட்டி நெடுக ஒரு சின்னக் குரல்பதிவுக் கருவியை வைத்துக்கொண்டு தாம் ஆடியதையெல்லாம் பதிவு செய்து, அடுத்த வருடம் புத்தகமாகப் போட்டார். முந்நூறுக்கும் மேற்பட்ட ஆட்டங்கள். படித்தால் சப்பென்று இருக்கும். ஒரு சின்ன ஏற்றம், எதிர்ப்பில்லை, கொஞ்சம் சிப். மறுபடி ஏற்றம், எதிர்ப்பு, விலகல். பைத்தியம் எங்கேயும் தென்படாது. கட்டாயப் பந்தயம் இவ்வளவு, எதிராளி இவ்வளவு பயப்படுகிறார், ஆகவே இந்தச் சீட்டே போதும் என்ற மளிகைக்கடைக் கணக்குதான் பக்கத்துக்குப் பக்கம். அந்தக் கணக்கில் நூறில் ரெண்டை மட்டும் வெட்டி எடுத்து டிவியில் காட்டினால் அவர் பைத்தியம்தான்.

இதெல்லாம் ரசனை சம்பந்தப்பட்ட புகார் மட்டும் என்றால் விட்டுவிடலாம். ஆனால் பார்த்தவர்கள் பணத்தோடு கிளம்பி வந்தார்கள். வேர்ல்ட் சீரிஸ் முக்கியப் போட்டியில் 2003இல் 839 பேர். 2004இல் 2,576. 2005இல் 5,619. 2006இல் 8,773. இணையத்தில் ஆடியவர்கள் இதைப்போலப் பல மடங்கு. இந்த நிகழ்ச்சிகளுக்கு விளம்பரம் கொடுத்துப் படியளந்தவை இணையப் போக்கர் நிறுவனங்கள். காசு வைத்து ஆடும் தளத்தை அமெரிக்க டிவியில் நேரடியாக விளம்பரம் செய்வதில் சட்டச் சிக்கல் என்பதால், அதே பெயரில் இலவசமாக ஆடும் ‘டாட் நெட்’ தளம் ஒன்றை வைத்து அதைக் காட்டினார்கள். யாருக்குத்தான் புரியாது :-) செக்ஸ்டனே பார்ட்டிபோக்கர் நிறுவனத்தின் முகமாக இருந்தவர். ஒவ்வொரு பந்தயத்திலும் கடைக்காரன் ஒரு பங்கு எடுத்துக்கொள்வதால் ஆடுகிறவர்களின் மொத்தக் கணக்கு எப்போதும் நஷ்டத்தில்தான் முடியும் என்பதை இப்படிப்பட்ட இடத்தில் உட்கார்ந்து யார் சொல்லப்போகிறார்கள்? 86 டாலர் 25 லட்சமான கதையை வாரம் தவறாமல் சொன்னார்கள். 2011 ஏப்ரல் 15 அன்று அமெரிக்க அரசு பெரிய தளங்களை முடக்கியது. விளம்பரம் நின்றது. பல நிகழ்ச்சிகளும் கூடவே நின்றன. ஃபுல் டில்ட் தளத்தில் பணம் போட்டிருந்த அமெரிக்கர்களுக்கு அது திரும்பி வரத் தொடங்கவே 2014 ஆயிற்று.

அதே 2011இல்தான் ஒரு நல்ல மாற்றமும் வந்தது. வேர்ல்ட் சீரிஸை வெட்டாமல், சில நிமிடத் தாமதத்தோடு ஏறக்குறைய நேரலையாகக் காட்டினார்கள். இப்போது இணையத்தில் முழு நாள் ஒளிபரப்பு சாதாரணம். நிக் ஷுல்மன் போன்ற நிஜமான பெரிய ஆட்டக்காரர்கள் வர்ணனைக்கு வந்தார்கள். இந்த இடத்தில் இந்தச் சீட்டோடு ஏன் சில சமயம் ஏற்ற வேண்டும், சில சமயம் சும்மா இருக்க வேண்டும் என்று சாவகாசமாகப் பேசுகிறார்கள். முடிவு தெரியாமல் பேசுவதால் தப்பும் செய்கிறார்கள், அதுவே கேட்க நன்றாக இருக்கிறது.

ஆட்டத்தின் தரமும் ஏறிவிட்டது. 2015வாக்கில் வந்த ‘சால்வர்’ எனப்படும் நிரல்கள் ஒவ்வொரு நிலைக்கும் விடை கணக்கிட்டுக் கொடுக்கின்றன. அதை மனப்பாடம் செய்துவிட்டு வருகிறார்கள். 2003இல் தொழில்முறைக்காரர்கள் செய்த பல காரியங்களை இன்றைக்கு ஒரு சுமாரான ஆட்டக்காரர் செய்யமாட்டார். ஆனால் பார்க்க? தலையில் முக்காடு, கண்ணில் கறுப்புக் கண்ணாடி, ஒரு முடிவுக்கு ரெண்டு நிமிடம் சிலை மாதிரி. சில போட்டிகளில் முப்பது வினாடிக் கடிகாரம் வைக்கவேண்டி வந்துவிட்டது.

யாருடைய ஆட்டத்தைப் பார்க்கிறோம் என்பதிலேயே இன்று குழப்பம். 2008 முதல் 2016 வரை இறுதி மேஜையை விளம்பரத்துக்காக நாலு மாதம் தள்ளி நவம்பரில் வைத்தார்கள். இடைவெளியில் பலர் பயிற்சியாளர் வைத்துக்கொண்டு தேறி வந்தார்கள். சீட்டைத் தாமதமாகக் காட்ட ஆரம்பித்ததும், பார்வையாளர் பகுதியில் இருந்த நண்பர்கள் ஒளிபரப்பைப் பார்த்து எதிராளி சற்று முன் என்ன வைத்திருந்தார் என்று ஆட்டக்காரரிடம் சொன்னார்கள். 2024இல் ஜோனதன் டமாயோ ஒரு கோடி டாலர் ஜெயித்தபோது, அவர் எழுந்து போய்ப் பேசிய நண்பர்கள் கையில் மடிக்கணினியே இருந்தது. அப்போது அதற்குத் தெளிவான தடை இல்லை. சண்டை கிளம்பிய பிறகு, மின்னணுக் கருவி உதவி கூடாது என்று விதியை இறுக்கினார்கள். இந்தக் காட்சிகள் எல்லாம் கேமராவில் பதிவாகியிருக்கின்றன. முன்பு மாதிரி வெட்டிச் சுருக்கியிருந்தால் அந்த மடிக்கணினியையும் சேர்த்தே வெட்டியிருப்பார்கள்.

பொறுமை இருப்பவர்கள் ஏதாவது ஒரு பெரிய போட்டியின் முழு ஒளிபரப்பை நடுவிலிருந்து ஒரு மணி நேரம் பாருங்கள். ஒருவர் சீட்டின் ஓரத்தைத் தூக்கிப் பார்க்கிறார். ஏழு-ரெண்டு. எறிகிறார். அடுத்தவர் பார்க்கிறார். ஜாக்கி-நாலு. எறிகிறார். இன்னொருவர் ஏற்றுகிறார், எல்லாரும் விலகுகிறார்கள். வர்ணனையாளர்கள் ராத்திரி எங்கே சாப்பிடலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். டீலர் மறுபடி சீட்டைக் கலைக்கிறார்.